எஸ் பெட்டியில் படுத்து வருகிறவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பும் ராத்திரி வண்டிகளில் உறுதியான பெர்த்தோடு ஏறுகிற எல்லாருக்கும் இந்தக் கடிதம். பாண்டியன், நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி, எதில் போனாலும் சரி. நான் அதே வண்டியில், ஒன்று இன்ஜினை ஒட்டி, இல்லையென்றால் கடைசியில் மாட்டியிருக்கும் ஜெனரல் பெட்டியில் வருகிறவன். வயது 26. ஊர் சாத்தூர்ப் பக்கம். வேலை ஒரகடத்தில், கான்ட்ராக்டில். பெரியவர்களிடம் பேசினால் குரலைத் தாழ்த்திப் பேசு என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். இந்த விஷயத்தில் அது முடியாது.

தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் உங்களில் யாராவது ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறீர்கள். கழிவறைக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கிறவன், இரண்டு பெர்த்துக்கு நடுவே தரையில் பேப்பர் விரித்துப் படுத்திருக்கிறவன், பையை நெஞ்சோடு அணைத்துக் கதவோரம் நிற்கிறவன், எல்லாரும் அதில் வருகிறார்கள். 'காசு கொடுத்து ரிசர்வ் செய்தும் நிம்மதி இல்லை' என்று எழுதி ரயில்வே அமைச்சகத்துக்குக் காட்டுகிறீர்கள். 139க்குப் போன் போடுகிறீர்கள். அடுத்த பெரிய ஸ்டேஷனில் ஆர்பிஎஃப்காரர்கள் ஏறி அத்தனை பேரையும் இறக்குகிறார்கள். உங்கள் வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. இறக்கப்பட்டவர்கள் பிளாட்பார முனை வரைக்கும் ஓடி, ஏற்கெனவே படிக்கட்டு வரை நிரம்பியிருக்கும் எங்கள் பெட்டியில் முட்டி மோதுகிறார்கள். ஏற முடியாதவர்கள் விடியும் வரை அந்த ஸ்டேஷனிலேயே கிடக்கிறார்கள்.

உங்கள் பெர்த் உங்களுடையதுதான். ரிசர்வ் பெட்டியில் ஜெனரல் டிக்கெட்டோடு ஏறக் கூடாது என்பது சட்டம். கைக்குழந்தையோடு வருகிற அக்கா ராத்திரி எழுந்து போக வழியில்லாமல் தவிப்பது சாதாரணக் கஷ்டம் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு வரியில்தான். காசு கொடுத்து ரிசர்வ் செய்தீர்கள்; நாங்கள் காசு கொடுக்காமல் வந்தவர்கள் மாதிரி.

எங்கள் ஊருக்கு ஜெனரல் டிக்கெட் 200 ரூபாயை ஒட்டி வரும். ஸ்லீப்பர் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதச் சம்பளம் வாங்குகிற எந்தக் கான்ட்ராக்ட் பையனும் அந்த வித்தியாசத்தைக் கொடுப்பான். ஆம்னி பஸ்ஸுக்குப் பண்டிகை நேரத்தில் அதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறான். எனக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது தேதி. நீங்கள் எந்த நாள் ஊருக்குப் போவீர்கள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்குத் தெரியாது.

முன்பு 120 நாளுக்கு முன்னால் ரிசர்வேஷன் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். வரவேற்றுப் பலர் எழுதினார்கள். அறுபதாம் நாள் காலை 8 மணிக்குத் திறந்த சில நிமிடங்களிலேயே பண்டிகை நாள் டிக்கெட் தீர்ந்துபோகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த வேகம் ஒருபக்கம் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து எனக்கு எந்த ஷிஃப்ட் என்று என் சூப்பர்வைசருக்கே தெரியாது. லீவு உண்டா என்பது இரண்டு நாள் முன்னால் தெரியும். சில சமயம் அன்றைக்கு மத்தியானம் தெரியும். ஓட்டல் வேலைக்காரர், துணிக்கடைப் பெண்கள், கட்டடவேலைக்காரர், நர்ஸ், செக்யூரிட்டி, எல்லாருடைய கதையும் இதுதான். பண்டிகை முடிய வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கடைசி நேரத்தில் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

தத்கல் இருக்கிறதே என்பீர்கள். ஸ்லீப்பர் தத்கல் காலை 11 மணிக்குத் திறக்கிறது. காலை ஷிஃப்டில் 11 மணிக்கு என் போன் லாக்கரில் இருக்கும். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. பல தொழிற்சாலைகளில் அதுதான் விதி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் ஆன்லைன் தத்கல் போட முடியும். ஏஜென்ட்டுகளின் அட்டகாசத்தை அடக்க அது நல்ல ஏற்பாடு, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த ஏற்பாடு செய்தாலும் பெட்டியில் ஒரு பெர்த் கூட அதிகமாகாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ரிசர்வ் பெட்டியில் நிற்பதற்கும் இப்போது கெடுபிடி அதிகம். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிறது. பணம் திரும்பி வருகிறது. ஊருக்குப் போகிற தேவை அப்படியே இருக்கிறது.

சாவு இன்னும் கொடுமை. மத்தியானம் போன் வரும், தாத்தா போய்விட்டார் என்று. மறுநாள் காலையில் எடுப்பார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். அறுபது நாளுக்கு முன்னால் சொல்லிவிட்டு யாரும் சாவதில்லை. எங்கள் பெட்டியில் எந்த ராத்திரியிலும் ஒரு மூலையில் யாருடனும் பேசாமல், முகத்தைத் துண்டால் மூடி நிற்கிற ஆள் ஒருவர் இருப்பார். யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார்.

அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்களில் பலரும் காலேஜ் நாட்களுக்குப் பிறகு அதில் கால் வைத்திருக்க மாட்டீர்கள். உட்கார 90 முதல் 100 பேருக்கு இடம். பண்டிகைக்கு முந்தின ராத்திரி அதில் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. எண்ணுகிறவன் கையை அசைக்க முடிந்தால்தானே. வண்டி பிளாட்பாரத்துக்கு வருவதற்குள்ளேயே சன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே விழும். மேலே சாமான் வைக்கும் கம்பித்தட்டில் முழங்காலை மடக்கி இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே கைலியைத் தூளி மாதிரி கட்டி அதில் ஒருவன் தூங்குவான். கழிவறைக்குள் நான்கு பேர் நிற்பார்கள். அதனால் கழிவறை என்ற ஒன்று அந்தப் பெட்டியில் அன்றைக்குக் கிடையாது. பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து மதுரை வரைக்கும் வாயை நனைக்காமல் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுப்புரத்தில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், அதற்கு இரண்டு மடங்கு ஏறுவார்கள். திருச்சியில் டீக்காரரால் உள்ளே வர முடியாது. சன்னலுக்கு வெளியே நின்று கொடுப்பார், கை மாறிக் கை மாறி டீ போகும், அதே வழியில் சில்லறை திரும்பும். ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், நீங்கள் சட்டத்தை அடிக்கடி சொல்கிறீர்கள் என்பதால். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 57ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்று நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டும், அந்த எண்ணைப் பெட்டியின் உள்ளேயோ வெளியேயோ கண்ணில் படும்படி இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. ஸ்லீப்பரில் ஏறின எங்களை இறக்குவதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, அதை ஆர்பிஎஃப் அமல்படுத்துகிறது. அதே புத்தகத்தில் இருக்கும் 57ஆம் பிரிவை யார் அமல்படுத்துவது? ஜெனரல் டிக்கெட் கவுன்ட்டரில் 'பெட்டி நிரம்பிவிட்டது' என்று யாரும் சொல்வதில்லை. காசு நீட்டியவருக்கெல்லாம் டிக்கெட் உண்டு. செயலியிலும் அப்படித்தான்.

2025 பிப்ரவரி 15 ராத்திரி புதுதில்லி ஸ்டேஷனில், கும்பமேளாவுக்கு பிரயாக்ராஜ் போகக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தில்லி உயர் நீதிமன்றத்தில் வந்த பொதுநல வழக்கில், பெட்டி கொள்ளும் அளவுக்கு மேல் எதற்கு டிக்கெட் விற்கிறீர்கள் என்று நீதிபதிகள் இந்த 57ஆம் பிரிவைக் காட்டித்தான் ரயில்வேயைக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எழும்பூரிலும் தாம்பரத்திலும் பதில் வேண்டும். டிக்கெட் விற்பதை நிறுத்திவிடுகிறோம் என்பது பதிலாகாது. அப்படிச் செய்தால் அந்த ஆட்கள் டெம்போவிலும் லாரியிலும் தொங்கிக்கொண்டு போவார்கள். பெட்டி கூட வேண்டும். அவ்வளவுதான் பதில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 2. ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், தவறான சிக்னலால் லூப் லைனுக்குள் போய் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. சென்னை சென்ட்ரலுக்கு வரவேண்டிய வண்டி. 290க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு இங்கே எல்லாரும் முதலில் தேடியது ரிசர்வேஷன் பட்டியலைத்தான். தமிழ்ப் பெயர்கள் எத்தனை, அவர்கள் எங்கே என்று. பட்டியலில் இருந்தவர்களைத் தேட ஒரு வழி இருந்தது. ஜெனரல் பெட்டிக்குப் பட்டியல் கிடையாது. அதில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் யார் என்று எந்த ஆபீசிலும் எழுதி இருக்காது. புவனேஸ்வரத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்களில் உறையவைத்த உடல்களை, டிஎன்ஏ பார்த்துக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்தும் யாரும் அடையாளம் காட்டாத 28 உடல்களை அக்டோபரில் அங்கேயே எரித்தார்கள். 28 பேருக்கும் ஊர் இருந்திருக்கும். அவர்கள் வருவார்கள் என்று யாரோ சோறு வடித்து வைத்திருப்பார்கள். ஜெனரல் பெட்டிகளை வழக்கமாக வண்டியின் இரண்டு முனைகளில்தான் மாட்டுகிறார்கள். முன்னால் மோதினாலும் பின்னால் மோதினாலும் முதலில் அடிபடுவது நாங்கள். இதை ராத்திரி கதவோரம் நிற்கும்போது நான் நினைக்காமல் இருந்ததே இல்லை.

'வடக்கன்கள் ஏறி ஆக்கிரமித்துவிட்டார்கள்' என்று சிலர் வீடியோ போடுகிறீர்கள். இதில் எனக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது. பெரம்பூரில் சங்கமித்ராவுக்காக நிற்கிற பீகார்ப் பையன் தானாப்பூர் போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும். நான் ஒரு ராத்திரி நிற்கிறேன், கால் வீங்குகிறது. அவன் எங்கள் லைனில் எனக்குப் பக்கத்தில் அதே வேலை செய்கிறான், என்னைவிடக் குறைந்த கூலிக்கு. உங்கள் வீட்டுக்கு மேல்தளம் போட்டதும் உங்கள் தெருவுக்கு மெட்ரோ தோண்டுவதும் அவனுடைய அண்ணன்கள். வேலைக்கு வரும்போது வேண்டும், ஊருக்குப் போகும்போது அசிங்கமாகத் தெரிகிறதா? தமிழ்நாட்டுக்காரன் ஸ்லீப்பர் தரையில் படுத்தால் பரிதாபம், பீகார்க்காரன் படுத்தால் படையெடுப்பு என்று பேசுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. எத்தனை வயதானவர்களாக இருந்தாலும் இல்லை.

உங்கள் டிக்கெட்டில் ஒரு வரி அச்சடித்திருக்கும், கவனித்திருப்பீர்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று. ஏதோ நம்மைச் சும்மா ஏற்றிக்கொண்டு போவதுபோல ஒரு எண்ணத்தை அது விதைக்கிறது. 100 பேர் உட்காரும் பெட்டியில் இருநூறு, முன்னூறு பேரிடம் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவர்களை நிறுத்தியே கூட்டிப் போகிற நிர்வாகம் அவர்களுக்குச் சலுகைக் கணக்குக் காட்டக் கூடாது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையைக் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பி வரவில்லை. அந்தத் தாத்தாக்களில் பலரும் இப்போது எங்களோடுதான் நிற்கிறார்கள்.

இது இன்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. 1917இல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்தார். 22 பேருக்கான பெட்டி என்று எழுதியிருந்த அதில் பயணத்தின் பெரும்பகுதியில் 35 பேர் அடைந்து கிடந்ததைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். வைஸ்ராயும் மகாராஜாக்களும் சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் வந்து பார்க்கட்டும் என்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த யோசனையை எந்த அமைச்சரும் எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்தார்கள். 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரின் வெறும் மரப்பலகைகளில் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். அண்ணாச்சி, நீங்கள் இன்று முதுகு சாய்த்திருக்கும் அந்த மெத்தை யாரோ சாதாரண ஜனங்களை நினைத்து எடுத்த ஒரு முடிவால் வந்தது. எங்கள் பெட்டிக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டும்.

முடியாத காரியமா என்றால், இல்லை. தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முழுக்க ஜெனரல் பெட்டிகளாலான அந்தியோதயா ஏற்கெனவே ஓடுகிறது. தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போனாலும் கூட்டம் அதில் குறைந்ததில்லை. அம்ரித் பாரத் வண்டிகளில் ஏசி கிடையாது, புதிய வடிவத்தில் 11 ஜெனரல் பெட்டிகள். அதைக் கட்டியது பெரம்பூர் ஐசிஎஃப். 1955இல் தொடங்கிய நம் தொழிற்சாலை. வந்தே பாரத்தையும் அதே தொழிற்சாலைதான் கட்டியது. ஏசி இல்லாத 10,000 பெட்டிகள் கட்டப்போவதாக 2024இல் ரயில்வே சொன்னது. பல வண்டிகளில் இரண்டாகச் சுருங்கிப்போன ஜெனரல் பெட்டிகளை நான்காக்குகிறோம் என்றும் சொன்னது. நல்லது. எழும்பூரில் எந்தெந்த வண்டியில் நான்கு இருக்கிறது, எதில் இன்னும் இரண்டு என்று பலகையில் எழுதிப் போடட்டும். வந்தே பாரத்துக்குப் பிரதமர் கொடியசைக்கிறார், எம்பிக்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேகமாகப் போகிற வண்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத் வந்ததில் எங்கள் பக்கத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஜெனரல் பெட்டி ஒன்று கூடக் கிடையாது.

மாநில அரசையும் விட முடியாது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் வருவதற்கு முன்பே. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆம்னி பஸ் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவோம் என்று அறிவிப்பு வருகிறது. அந்த வாரம் கிளாம்பாக்கத்திலேயே போய் விலை கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்கள் குரல் மேலே கேட்கிறது. நீங்கள் ஒரு வீடியோ போட்டால் இரண்டு ஸ்டேஷனுக்குள் ஆள் வருகிறது. நாங்கள் 139க்கு அடித்து, பெட்டிக்குள் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் கேட்கிறார்கள். எங்களிடம் இருக்கை எண் இல்லை. அதோடு, இது உங்கள் விஷயமும்தான். பல வண்டிகளில் ஸ்லீப்பரைக் கழற்றி ஏசி மூன்றடுக்கை மாட்டுகிற வழக்கம் சில வருஷங்களாக நடக்கிறது. எஸ்-11 வரை இருந்த வண்டி எஸ்-7இல் நிற்கும்போது, அந்த நான்கு பெட்டிக்காரர்களில் ஏசிக்குப் போக முடியாதவர்கள் எங்கே வருவார்கள்? எங்கள் பெட்டிக்குத்தான். அங்கே இடமில்லாமல் திரும்பவும் உங்கள் பெட்டிக்கு வருவார்கள். வீடியோ எடுத்து இந்தச் சுற்றை நிறுத்த முடியாது.

அதனால் அடுத்த பண்டிகைக்கு உங்கள் பெட்டியில் கூட்டம் ஏறினால், தாராளமாகப் புகார் செய்யுங்கள். கூடவே மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். இந்த வண்டியில் இன்று எத்தனை ஜெனரல் பெட்டிகள்? இந்த ராத்திரி வண்டிகளை நம்பி எத்தனை ஜெனரல் டிக்கெட் விற்றிருக்கிறீர்கள்? 57ஆம் பிரிவின்படி இந்தப் பெட்டிக்கு நீங்கள் நிர்ணயித்த எண் என்ன? டிக்கெட் கணக்கு முழுக்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சொல்ல முடியாது என்று சொல்ல முடியாது. அதே மூன்று கேள்வியை உங்கள் தொகுதி எம்பிக்கும் அனுப்புங்கள். ரயில்வே பட்ஜெட்டை 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டதால் நம் ஊர் வண்டிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு குறைந்துபோனது. கேள்வி நேரம் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்டு, அமைச்சர் எண்களோடு பதில் சொன்னால், அந்த வீடியோவையும் போடுங்கள். எங்கள் பெட்டியில் டவர் கிடைக்கிற ஸ்டேஷன் வந்ததும் நாங்கள் அத்தனை பேரும் அதைப் பகிர்வோம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியிலேயே வருகிற
சாத்தூர்ப் பக்கத்துத் தம்பி